பள்ளிமுனையில் ஒரு மணமகளின் கிரீடம்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஏறிய பஸ், பூநகரி வழியாக வந்து பதினொரு மணிக்கு முன்பே மன்னாரில் இறக்கிவிட்டது. பள்ளிமுனைக்கு ஓட்டோ முந்நூறு ரூபா. வெள்ளைத் தொப்பி போட்ட ஓட்டோக்காரர் என்னுடைய அகன்ற வெயில் தொப்பியைப் பார்த்துவிட்டு, "அக்கா, அதைக் கழட்டி மடியில வையுங்கோ. எங்கட காத்துக்கு அது சரிவராது," என்றார். நான் கேட்டால்தானே. இரண்டாம் வளைவில் இறங்கி ஓடித்தான் அதைப் பிடித்தேன்.

தோழி மேரியின் தங்கை ஜெனிற்றாவுக்கு மறுநாள் கல்யாணம். வீடு முழுக்கப் பலகார வாசம், முகங்கள்தான் சரியில்லை. ஜெனிற்றா புற்றுநோய்க்கு மருந்தேற்றி முடித்து நாலு மாதம். தலைமயிர் விரல்நகம் அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. இங்கே கத்தோலிக்க மணமகள் நெற் என்கிற மெல்லிய வலை முக்காட்டைப் போட்டு, அதன்மேல் கிரீடம் வைத்துத்தான் கோயிலுக்குள் நுழைவாள். கிரீடத்தைக் கொண்டையில்தான் குத்துவார்கள். கொண்டைக்கு எங்கே போவது? அலங்காரம் செய்ய வந்த பெண் கையை விரித்துவிட்டாள்.

தாய் ஒரு விக் வாங்கி வைத்திருந்தார். ஜெனிற்றா அதைத் தொடவே இல்லை.

"ஆரோ ஒருத்தியின்ர தலைமயிரோட நான் கோயிலுக்குப் போகமாட்டன். நெற் மட்டும் போதும்."

"கிரீடம் இல்லாமல் எப்பிடிப் பிள்ளை? சனம் பாவம் பார்க்கும். அதை என்னால தாங்கேலாது," என்றார் தாய். கல்யாணப் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பதுதான் அவருடைய பயம்.

மூன்று மணிக்கு எருக்கலம்பிட்டியிலிருந்து தையல்காரி றிஸ்வானா, தைத்து முடித்த நெற்றைக் கொண்டுவந்தார். விஷயத்தைக் கேட்டவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாங்கள் முக்காட்டுக்குக் கீழ ஒரு தொப்பி போடுறனாங்கள். இறுக்கிப் பிடிக்கும், வழுக்காது. கொண்டை என்னத்துக்கு? கிரீடத்தைத் தொப்பியிலயே தைச்சுவிடுவம்."

வெள்ளைப் பருத்தித் துணியை ஜெனிற்றாவின் தலைக்கு அளந்து வெட்டினார். ஐந்து மணிக்குள் தொப்பி, நெற், கிரீடம் மூன்றும் ஒன்றாகிவிட்டன.

"தலையை ஆட்டிப் பாருங்கோ தங்கச்சி."

ஜெனிற்றா ஆட்டினாள், குனிந்தாள், பிறகு குதித்தும் பார்த்தாள். கிரீடம் அசையவில்லை. தாய் மட்டும் விக்கை அலுமாரிக்குள் வைக்காமல் மேசையிலேயே விட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை. கோயில் வாசலில் கடல்காற்று நெற்றைப் பாய்போல விரித்தது. எங்கள் ஊரில் தலைப்பாகை மாப்பிள்ளைக்குத்தான். அது சரிந்தால் சிரித்துக்கொண்டே நேராக்கிவிடுவோம். இந்தக் கிரீடம் சரிந்தால் யாராலும் சிரிக்க முடியாது. அது சரியவில்லை. ஜெனிற்றா தலை நிமிர்ந்து பீடம் வரைக்கும் நடந்தாள். முன்வரிசையில் தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுப் பந்தலில் வெக்கை தாங்க முடியவில்லை. சனம் வரிசையாக வந்து மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, தொப்பிக்குள்ள சரியா வேர்க்குது," என்றாள் ஜெனிற்றா.

நான் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் தாய் அவளுக்குப் பின்னால் நின்று, தொப்பியோடு சேர்த்துக் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் அந்தக் குட்டைத் தலைமயிரைத் துடைத்து, உச்சியில் முத்தமிட்டார். பிறகு படம் எடுப்பவரைப் பார்த்தார்.

"தம்பி, இப்ப ஒருக்கா எடுங்கோ. நானும் நிக்கிறன்."