கொடுக்காத மாப்பு

என் மூத்த சகோதரரை நாங்கள் நானா என்போம். அவர் நெற்றியில் தொழுகைத் தழும்பு இருந்தது. இன்றைக்கும் அப்படித் தழும்போடு யாராவது எதிரே வந்தால் நான் முதலில் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவேன். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்!

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த காலத்தில் மாத்தளையில் வாப்பா எனக்கென்று கட்டிய வீடு அது. என் மாப்பிள்ளை, அதாவது என் கணவர், குதிரை ரேஸ் பைத்தியம். என் பெயரில் எழுதினால் அடுத்த ரேஸுக்கே வீடு குதிரைமேல் ஏறிவிடும் என்று பயந்து, வீட்டு உறுதிப் பத்திரத்தை நானாவின் பெயருக்கு எழுதினார் வாப்பா. "ஊடு தங்கச்சிக்குத்தான். நீ பேருக்குத்தான்" என்று என் முன்னாலேயே நானாவின் கையைப் பிடித்துச் சொன்னார். "சரி வாப்பா" என்றார் நானா. அங்கே வேறு யாரும் இல்லை.

வாப்பா மௌத்தாகி ஒரு வருடம் திரும்பவில்லை, என்னை வீட்டைவிட்டு எழும்பச் சொல்லி நானா வழக்கு வைத்தார். வேலியே பயிரை மேய்ந்தது. மாப்பிள்ளை அதற்குள் எங்களை விட்டுவிட்டுக் கொழும்புப் பக்கம் போய்விட்டார். எனக்கும் பிள்ளைகளுக்கும் கூரை என்று இருந்தது அந்த வீடு மட்டும்தான்.

சாட்சி இல்லையே என்று என் லோயர் தலையைச் சொறிந்தார். நான் எழுந்து நீதிபதியிடமே சொன்னேன். "வாப்பா அப்பிடிச் சொல்லல்லன்னு நானா பள்ளியில குர்ஆனத் தொட்டுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணினா நான் ஊட்ட உட்டுட்டுப் போறேன்."

"பைத்தியமா உங்களுக்கு?" என்று லோயர் பல்லைக் கடித்தார். எனக்கா பயம்? முன்வரிசையில் நின்று தொழுகிறவர் குர்ஆனைத் தொட்டுப் பொய் சொல்வாரா? மாட்டார் என்று நம்பித்தான் வீட்டைப் பணயம் வைத்தேன். நீதிபதியும் நானாவும் சம்மதித்தார்கள்.

பள்ளிவாசலுக்கு வெளியே மதிலோடு ஒட்டி நின்று உள்ளே எட்டிப் பார்த்தேன். குர்ஆனைத் தொடுமுன் நானா ஆற அமரக் கை, முகம், கால் கழுவி வுளு எடுத்தார். காதுக்குப் பின்னால்கூட மறக்காமல் தடவினார். பிறகு, கோர்ட்டிலிருந்து வந்த உத்தியோகத்தருக்கு முன்னால் குர்ஆனைத் தொட்டுப் பொய்யைச் சொன்னார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. சீ! மதிலைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தேன்.

யட்டவத்தையில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்துப் பிள்ளைகளோடு ஒதுங்கினேன். நானா வீட்டை விற்றார். எதற்கு? ஹஜ்ஜுக்குப் போக!

ஹஜ்ஜுக்குக் கப்பலேறுமுன் வீடுவீடாகப் போய், செய்த பிழைக்கெல்லாம் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். மனிதர்களிடம் தீர்க்காத பாவம் அங்கே போனாலும் தீராது. நானாவும் வந்தார். கூட வந்த சொந்தக்காரர்கள் ரோட்டில் நிற்க, தனியாக உள்ளே வந்து, "தங்கச்சி, தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதுக்கெல்லாம் மாப்புத் தா" என்றார். அறை முழுவதும் அத்தர் மணம்.

"தெரியாமச் செஞ்சதுக்கெல்லாம் தந்துட்டேன் நானா. தெரிஞ்சு செஞ்சது என்னன்னு வாயால சொல்லுங்க. ஊட்ட நான் கேக்கல்ல. சொன்னாப் போதும், அதுக்கும் தாறேன்."

கேட்க நானும் அல்லாஹ்வும்தான் இருந்தோம். மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

ரோட்டில் அவர் குரல் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ், தங்கச்சி மனசாரத் தந்துட்டா."

"இல்ல! நான் தரல்ல!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ் வாற நேரம், வாங்க ஹாஜியார்" என்று அவரை அணைத்துக்கொண்டு நடந்தார்கள். போகுமுன்பே ஹாஜியாராம், தூ! வீட்டைச் சத்தியம் பண்ணி எடுத்தார், போகட்டும். அந்த மாப்பு ஒன்றுதான் எனக்கென்று மிஞ்சியிருந்தது. அதையும் நான் கொடுக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.