பச்சைக் கோடும் மூத்த மருமகளும்

ஒரு தப்பை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி தன் அக்காவுக்காகச் சேர்த்து வைத்திருந்த ஒரு டிவி சீரியலின் கடைசி மாதத்தை நான் அழித்தேன். கை தவறி அல்ல, தெரிந்தே. அழித்துவிட்டுப் பழியைத் துளசிராம் தலையில் போட்டேன்.

ஒரு சீரியல்தானே, அதற்கு இவ்வளவு பீடிகையா என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வீடு மதுரையை ஒட்டிய பரவைக்குப் பக்கத்தில். கல்லூரியில் பௌதிகம் நடத்தி ரிட்டையர் ஆனவன் நான். ரிட்டையர் ஆன பௌதிக வாத்தியார் சும்மா இருப்பானா? டிவி நிகழ்ச்சிகளை ரெக்கார்டு செய்ய ஒரு கம்ப்யூட்டரை ஏற்பாடு செய்தேன். எந்தச் சேனல், எந்த நேரம் என்று சொல்லிவிட்டால் போதும்... தானே பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டியை அசெம்பிள் செய்து கொடுத்தவர்தான் துளசிராம். தெப்பக்குளம் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். வீட்டில் சௌராஷ்டிரம், கஸ்டமரிடம் இங்கிலீஷ், என்னிடம் மட்டும் அசல் மதுரைத் தமிழ்.

நான் அந்தக் கம்ப்யூட்டரை ‘சர்வர்’ என்று அழைத்தேன். என் மனைவி சரோஜா ‘அந்த டப்பா’ என்றாள்.

டப்பாவின் அருமை, ராசாத்தி மதினி வழுக்கி விழுந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. மதினி சரோஜாவின் அக்கா. சமயநல்லூரில் இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன், ஆஸ்பத்திரி வாசம். சீரியலோ முடியப் போகிற நேரம். அக்காவும் தங்கையும் வருஷக்கணக்கில் போனில் அலசிய கதை.

“அக்கா வீட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு பேரும் சேந்துதான் பாப்போம். அதுவரைக்கும் நான் தொடமாட்டேன்” என்றாள் சரோஜா.

தொடவில்லை. பரவை மார்க்கெட்டில் பக்கத்தில் நின்ற பெண்கள் அந்தக் கதையைப் பேச ஆரம்பித்ததும், பாதிப் பேரத்தில் கத்தரிக்காயைப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தவள் அவள்.

அந்த நேரம் பார்த்து சர்வருக்குச் சீக்கு வந்தது.

பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று திரையில் ஒரு பச்சைக் கோடு காட்டும். வேலை இல்லாதபோது தரையோடு படுத்திருக்க வேண்டிய கோடு. அது எழுந்தது. நாளுக்கு நாள் ஏறிக் கூரையைத் தொட்டு, அங்கேயே குடியிருந்தது. உள்ளே இருந்த ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது. படம் திக்கித் திக்கி ஓடியது.

“தூசிண்ணே. அம்புட்டும் தூசி” என்றார் துளசிராம். துடைத்தார். கோடு இறங்கவில்லை.

“அப்ப வைரஸ்ணே.” தேடினார். கிடைக்கவில்லை.

“எதுக்கும் டப்பாவக் கெழக்க பாத்துத் திருப்பி வைங்கண்ணே.”

பௌதிக வாத்தியாரிடமே வாஸ்து!

நானே ஆராய்ச்சியில் இறங்கினேன். படம் எங்கே திக்குகிறது என்று பார்க்க வேண்டாமா? சரோஜா பார்க்காமல் வைத்திருந்த எபிசோடு ஒன்றை ஓட்டினேன். சோதிக்க ஒரு நிமிடம் போதும். நான் முழு எபிசோடையும் சோதித்தேன். பிறகு அடுத்ததை. அவள் கோயிலுக்குப் போகும் நேரமெல்லாம் எனக்குச் சோதனை நேரம் ஆயிற்று. ‘இதையெல்லாம் மனுஷன் பார்ப்பானா?’ என்று வருஷக்கணக்கில் கேட்ட அதே ஆள்தான்! மூத்த மருமகள் ஏதோ கலந்து நீட்டிய பாலை மாமியார் வாயருகே கொண்டுபோனபோது, நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

முடிவுவரை பார்த்தாயிற்று. கோடு மட்டும் இறங்கவில்லை. டிஸ்க் நிறைந்து கிடப்பதால்தான் பிராசஸர் திணறுகிறது என்று ஒரு தியரி கட்டினேன். சரி, எதை அழிப்பது? என் கிரிக்கெட் மேட்சுகளையா? சேச்சே! சீரியலைத்தான் நான் பார்த்து முடித்துவிட்டேனே, இனி அது எதற்கு?

அப்படியே இந்த வார்த்தைகளில்தான் நினைத்தேன். எழுதவே கூசுகிறது. பட்டனை அழுத்தினேன். போயிற்று.

கோடு? அசையவே இல்லை.

மதினியை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. சரோஜா ஆசையாக டப்பா முன்னால் உட்கார்ந்தாள்.

“என்னங்க... ஒன்னையும் காணோமே?”

“டிஸ்க் போயிருச்சு சரோஜா. துளசிராம் போட்ட டிஸ்க் சரியில்ல.”

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? அவள் உடனே துளசிராமுக்குப் போன் போட்டாள்.

“ஏன் தம்பி, எங்க வீட்டுக்குன்னா குப்பையத்தான் பொறுக்கிக் குடுப்பீகளா? எங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

துளசிராம் மறுநாளே புது டிஸ்க்கோடு வந்தார். பழையதையும் எடுக்காமல், அதன் பக்கத்திலேயே மாட்டினார். காசு வாங்கவில்லை. அவர் வந்தால் கேட்காமலே காபி கொண்டுவரும் சரோஜா, அன்று தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன்.

அவர் போனபின் பார்க்கிறேன்... புது டிஸ்க் முழுக்கக் காலி, ஆனாலும் கோடு கூரையில்! என் தியரி பொய். எந்தெந்த வேலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. குற்றவாளி கிடைத்தான். நான்தான்!

விளம்பரம் பார்ப்பது என் அறிவுக்கு இழுக்கு அல்லவா? அதனால், ரெக்கார்டு ஆனவற்றில் விளம்பரங்களைத் தேடிக் குறித்து வைக்கும்படி ஒரு வேலையைப் பூட்டியிருந்தேன். காட்சி காட்சியாகச் சலிக்கிற கனத்த வேலை. அது பாதியில் இருக்கும்போது நம்மூர்க் கரண்ட் போகும். வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மறுபடி கரண்ட் போகும். அதற்குள் அடுத்த ரெக்கார்டிங்கும் வந்து சேரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லி வைத்ததும் ஐயாதான். விடைத்தாள் திருத்துகிற வாத்தியார் பாதியில் எழுந்து போய், திரும்பி வந்து, மறுபடி முதல் தாளிலிருந்து திருத்தினால் கட்டு எப்போது முடியும்?

அந்த வேலைக்கு நேராக நான் போட்டிருந்த ஒரே ஒரு ‘டிக்’கை எடுத்தேன். கோடு தரைக்கு வந்தது. சீரியல் வரவில்லை. பழைய டிஸ்க்கில் அது இருந்த இடத்தின்மேல் வேறு நிகழ்ச்சிகள் எப்போதோ பதிந்துவிட்டன.

துளசிராம் கடைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன்.

“அட அண்ணே! எம்புட்டு வசவு வாங்குனேன் தெரியுமா? வெக்கத்துல எங்க வீட்லகூடச் சொல்லலண்ணே.” பிறகு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். “எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? சரோஜா அக்காட்டச் சொல்லுங்க. கெளம்புங்க, நானும் வாரேன்.”

சமயநல்லூர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்ட மதினி கட்டிலில், பக்கத்தில் சரோஜா. பிளாஸ்டிக் நாற்காலியில் துளசிராம், சாட்சி மாதிரி. அழித்தது, பொய் சொன்னது, திருட்டுத்தனமாகப் பார்த்தது... எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

சரோஜா முதலில் துளசிராமைப் பார்த்தாள். “மனசுல வச்சுக்காத தம்பி.” அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “அழிச்சதுகூடப் போகுது. நான் காதப் பொத்திக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க வீட்டுக்குள்ள உக்காந்து தனியாப் பாத்தீகளா?”



மதினிதான் காப்பாற்றினார். “அடியே, அப்ப உன் வீட்டுக்காரருக்கு முடிவு தெரியும்ல? சொல்லச் சொல்லுடி. அந்தச் சிறுக்கி பாலுல என்னமோ கலந்ததோடதான நாம விட்டோம், அது வெசமா, இல்லையா?”

“வரிசையா வாரேன் மதினி” என்றேன்.

வாழ்நாளில் அவ்வளவு பொறுப்பாக நான் வகுப்பெடுத்ததில்லை. மாமியாராக இருமினேன். மருமகளாக முழித்தேன். “எங்க வீட்லயும் கடைசி வாரம் கரண்ட் இல்லண்ணே” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் சாட்சி. கடைசிக் காட்சிக்கு வந்தேன்.

“மூத்த மருமக எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு நிக்கிறா. மாமியா அவளக் கட்டிப் புடிச்சு, ‘மன்னிச்சுட்டேன்டி’ன்னு...”

சொல்லிக்கொண்டே சரோஜாவை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

“அது சீரியலு” என்றாள் சரோஜா.

மதினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். சீரியலில் அப்படி நடக்கவில்லை. மாமியார் மருமகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். அதோடு ‘முற்றும்’. அன்று அந்த வீட்டில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வேன்... சொல்லுங்கள்?

போன வாரம் சரோஜா பரவை மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். இப்போதுதான் காதைப் பொத்த வேண்டிய அவசியம் இல்லையே. நின்று நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்தாள். கத்தரிக்காய்ப் பையை என் முன்னால் வைத்தாள்.

“கதவச் சாத்திட்டாளாம்ல?”

நான் பைக்குள் இருந்த கத்தரிக்காயை எண்ண ஆரம்பித்தேன்.

“அக்காட்ட மூச்சு விட்றாதீங்க. உங்க முடிவச் சொல்லித்தான், பாக்க வாரவுகளையெல்லாம் அழ வச்சுக்கிட்டு இருக்கா.” அடுக்களைப் பக்கம் போனவள் நின்று திரும்பினாள். “அந்த டப்பா பாஸ்வேர்டு என்ன? சொல்லுங்க.”

சொன்னேன். சாயங்காலமே துளசிராம் வந்து அதை மாற்றிக் கொடுத்தார். அவருக்கு டபரா நிறையக் காபி, கூடவே பஜ்ஜி. புது பாஸ்வேர்டு என்னவென்று இதுவரை எனக்குத் தெரியாது. கிரிக்கெட் பார்க்கக்கூடக் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.

பச்சைக் கோடு தரையோடு படுத்திருக்கிறது. நானும்தான்.