பனி உருகிய தேதி

குடியிருப்பு மரங்கள் பராமரிப்புக் கையேடு, பிரிவு ஒன்பது: ‘பனி விழுவதற்கு முன் மரத்தின் அடிப்பாகத்தைச் சாக்கால் சுற்றிக் கட்டவும். பனி உருகிய பின் அவிழ்க்கவும்.’

குறை சொல்ல முடியாத விதி... அது எழுதப்பட்ட ஊரில்.

நான் இருப்பது ஒரகடத்துக்குப் பக்கத்தில். மகள் ஒரு வெளிநாட்டுத் தொழிற்சாலையில் இன்ஜினீயர், குடியிருப்பும் அந்தக் கம்பெனிக்காரர்களுடையதே. ஆண்டில் பாதி நாள் உறைந்து கிடக்கும் வடதேசத்துக்காரர்கள். கட்டடத்தோடு கையேட்டையும் கொண்டுவந்தார்கள். யாரோ அதைத் தமிழில் பெயர்த்தார். அங்கே முழங்கால் உயரத்துக்குக் குவிவதும் பனி, இங்கே மார்கழியில் தலையில் இறங்கித் தும்மல் கொடுப்பதும் பனி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். மொழிபெயர்த்தவர் மேல் என்ன தப்பு?

மார்கழி பிறந்ததும் தோட்ட சூப்பர்வைசர் முருகேசன் ஆட்களோடு வந்தார். மண்ணூர்க்காரர். மரம் மரமாகச் சாக்கைச் சுற்றி நைலான் கயிற்றால் இறுக்கினார்.

“எதுக்கு இது?” என்றேன்.

“பனி வுழறதுக்கு முன்ன கட்டணும்னு போட்டுகீது சார்.”

“அது இந்தப் பனி இல்லப்பா.”

“காலைல ரோட்டுல எதிர்ல வர்ற கன்டெய்னரே தெரியல. இத்தவிட இன்னா பனி சார் வேணும்?”

பனி விழுந்துகொண்டுதான் இருந்தது.

கட்டியது பெரிய விஷயமில்லை. அவிழ்ப்பதுதான் சிக்கல். தை போய், மாசி போய், பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாக்கு அப்படியே இருக்கிறது. கேட்டால் முருகேசன் ரெஜிஸ்டரை நீட்டினார். ‘பனி விழுந்த தேதி’ – நிரப்பியிருந்தார். ‘பனி உருகிய தேதி’ – காலி.

“நம்மூரு பனி எங்க சார் உருகுது? அது பாட்டுக்குக் காஞ்சி பூடுது. உருகாததை உருகிச்சின்னு எழுதி, ஆடிட்ல புடிச்சானுங்கன்னா?”

முப்பத்து நான்கு வருடம் அரசாங்க ரெஜிஸ்டர்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்தப் பயத்தை மதிக்கத் தெரியும்.

ஆனால், வாசலில் நிற்கும் வாதாம் மரத்துக்கு அது தெரியவில்லை. அதன் நிழலில்தான் பென்னலூர் பவுனம்மாவின் இஸ்திரி வண்டி. தெளிப்பதற்கு வைத்த தண்ணீரில் மீந்ததைத் தினமும் மரத்தடியில் ஊற்றுவார். சாக்கு காயவே இல்லை. உள்ளே கரையான் ஏறியது. மற்ற மரங்கள் இலை கொட்டித் துளிர்த்துவிட்டன. இது ஒரு கிளையில் நாலு இலையோடு நின்றது.

இதில் எனக்கும் பங்குண்டு. பவுனம்மாவுக்கு இடம் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். ‘வாதாம் மரத்தின் நிழலில் மட்டும்’ என்று எழுதினேன். இடம் துல்லியமாக இருக்கட்டுமே என்று. அனுமதியும் அதே துல்லியத்தோடு வந்தது. மரம் போனால் நிழல் போகும். நிழல் போனால் வண்டி போகும்.

“இந்தச் சாக்கை அவுத்துடுங்க சார்” என்றார் பவுனம்மா. “நான் தொட்டா நாளைக்கே வண்டியத் தூக்கிடுவானுங்க. உங்கள யாரு கேக்கப்போறாங்க?”

அவிழ்க்க இரண்டு நிமிடம் போதும். நான் வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதினேன். ‘பனி’ என்ற சொல்லின் இரு பொருள்கள் குறித்து ஒன்றரைப் பக்கம். நடைமுறை தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு – கையால் செய்யவேண்டியதைக் காகிதத்தால் செய்வார்கள். கையேட்டில் கை வைக்க உள்ளூர் அலுவலகத்துக்கு அதிகாரமில்லை என்று, கடிதம் கடல் தாண்டித் தலைமை அலுவலகத்துக்குப் போனது. இரண்டு நினைவூட்டல்களும் பின்னாலேயே போயின.

“இன்னா சார், உங்க லெட்டரு நடந்தே போவுதா?” என்று பவுனம்மா தினமும் விசாரித்தார்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, மரத்தில் சிவப்புப் பெயின்ட்டில் பெருக்கல் குறி.

“செத்த மரம்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்க. நாளைக்கு வெட்ட ஆளு வருது” என்றார் முருகேசன், பவுனம்மா முகத்தைப் பார்க்காமல்.

பவுனம்மா நகத்தால் கிளையைக் கீறினார். “கண்ணு கீதா உனுக்கு? பச்சை தெரீது பாரு.”

நான் கையேட்டைப் புரட்டினேன். பிரிவு பத்து: ‘பனி உருகி அறுபது நாள் ஆகியும் துளிர்க்காத மரத்தையே பட்டுப்போனதாகக் கருதவேண்டும்.’

“அறுபது நாள் டைம் இருக்கு முருகேசன். அதுக்குள்ள வெட்ட முடியாது.”

“எப்பலேர்ந்து சார் எண்றது? உருகுன தேதியே போடலியே!”

அவர் சொன்னது சரி.

பவுனம்மா, கரி கனன்றுகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். நைலான் கயிற்றில் வைத்து அழுத்தினார். புகை, நாற்றம்... கயிறு இளகிச் சொட்டியது. சாக்கு தளர்ந்து விழுந்தது.

“உருகிச்சா?”

“உருகிச்சி யக்கா, ஆனா...”

“போடு தேதிய.”

முருகேசன் என்னைப் பார்த்தார். “எது உருகுச்சுன்னு எழுத அந்தக் கட்டத்துல இடமில்லையே” என்றேன். சர்வீஸில் ஒரு நாளும் நான் சொல்லியிராத யோசனை. எழுதினார். பிறகு அவரே கரையான் மண்ணைச் சுரண்டி, வேப்பெண்ணெய் பூசி, சுண்ணாம்பு அடித்தார். மறுநாள் வெட்ட வந்தவர்களிடம் ரெஜிஸ்டரைக் காட்டித் திருப்பி அனுப்பினார்.

ஒரு பக்கக் கிளைகள் போனது போனதுதான். மறு பக்கம் ஐம்பதாவது நாளுக்குள் இலை தட்டுத் தட்டாக விரிந்துவிட்டது. வண்டியை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு பவுனம்மா வேலையைப் பார்க்கிறார். அது நிழல்தான், விண்ணப்பத்தில் முழு நிழல் என்று நான் எழுதவில்லை.

தலைமை அலுவலகமும் கடைசியில் இரண்டு வரி அனுப்பியது. என் விளக்கம் ஏற்கப்பட்டதாம்; சாக்கை அவிழ்க்கலாமாம், மரத்துக்குச் சேதமில்லாமல்.

பதில் வந்த தேதி, ஜூலை 14.