தவக்காலத்துக் கணவர்

முல்லைத்தீவுக் கரையோரத்தில் இருக்கும் எங்கள் சமூக நிலையத்தின் முன்புறம் ஒரு மண்டபம். அங்கே தையல் வகுப்பும் தாய்மார் கூட்டமும் நடக்கும். பின்புறத்து அறைகள், வீட்டில் இருக்க முடியாமற்போகும் பெண்கள் பிள்ளைகளோடு சில நாட்கள் தங்குவதற்கானவை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து முடிந்ததும் அங்கே போய், வருகிறவர்களின் கதையைக் கேட்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. கேட்பது பழகிவிட்டது. விளங்கிக்கொள்வது இன்னும் பழகவில்லை.

அந்தப் பெண் வந்தது கத்தோலிக்கரின் தவக்காலம் முடியும் தறுவாயில். கடலோரக் களப்பில் இறால் பிடிக்கும் ஒருவரின் மனைவி. குடித்தால் அவர் அடிப்பார் என்பது ஊரறிந்தது. முந்திய வருடம் அவளுடைய கை முறிந்தபோது ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். ஆனால் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து அவர் சாராயத்தைத் தொடவில்லை. அந்தக் கரையின் ஆண்கள் பலர் தவக்காலத்தில் குடிப்பதில்லை என்று ஆண்டவருக்கு நேர்ந்துகொள்வார்கள். எந்த வற்புறுத்தலுக்காகவும் அதை மீற மாட்டார்கள். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் கிழிந்த வலை பொத்துவதை நானே கண்டிருந்தேன். ஆகவே, நல்ல செய்தி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ரீச்சர், சனிக்கிழமை எனக்கும் பிள்ளைக்கும் ஒரு அறை வேணும்."

"ஏன், திரும்பவும் தொடங்கிட்டாரோ?"

"இல்லை. இப்ப தங்கமான மனுசன். விடிய எழும்பித் தேத்தண்ணி போட்டுத் தாறார்."

"பிறகென்ன?"

"ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் உயிர்த்திடுவாரெல்லே?" என்றாள், சிரிக்காமல். "நேர்த்தி அதோட முடிஞ்சுது. கூட்டாளிமார் இப்பவே போத்தலை வாங்கி வைச்சிட்டினம்."

நான் திகைத்துப்போனேன். அடி விழுந்த பிறகு ஓடிவரும் பெண்களைத்தான் நான் அறிவேன். இவளோ தேநீர் போட்டுத் தரும் கணவரை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாள். குடும்பங்களைப் பலப்படுத்துவதே எங்கள் பணி என்று நிலையத்தின் சுவரில் எழுதியிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் நான் எதைப் பலப்படுத்துவது?

"ஃபாதரிட்டச் சொல்லி நேர்த்தியை இன்னும் கொஞ்ச நாளைக்கு நீட்டேலாதோ?" என்று கேட்டேன். எனக்கே அது அசட்டுத்தனமாகப் பட்டது.

"நான் அவரிட்டையே கேட்டனான். 'ஏன், நான் என்ன சாமியாரோ' எண்டு கேக்கிறார். கடவுளுக்குக் குடுத்த வாக்கை அவர் காப்பாத்துவார், ரீச்சர். எனக்கும் கலியாணத்தண்டு ஒரு வாக்குத் தந்தவர்தான். அது மட்டும் நிக்குதில்லை."

சனிக்கிழமை பின்னேரம் அவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அவர்தான் ஓட்டிவந்தார். முன்னால் மகள், பின்னால் மடியில் பையோடு மனைவி. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் பயந்தேன். அவரோ பையை வாங்கி விறாந்தையில் வைத்துவிட்டு, ஏதோ விருந்துக்குக் கொண்டுவந்து விட்டவர்போல நின்றார்.

"பஸ்ஸில வந்தால் சனம் எங்க போறாய் எண்டு கேக்கும், ரீச்சர். அதுதான் நானே ஏத்திக்கொண்டு வந்தனான்."

"நாளைக்குக் குடிக்காமல் இருந்தால் மனுசியும் பிள்ளையும் வீட்டிலேயே இருக்கலாமே?"

"குடிக்க மாட்டன் எண்டுதான் நினைக்கிறன்." மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "போன வருசமும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "ரீச்சர், இவரையும் ஒரு நாளைக்கு இஞ்ச வைச்சிருக்கேலாதோ?"

ஆண்களைத் தங்கவைக்க எங்களுக்கு அனுமதியில்லை. அப்படித் தங்கவைக்கும் வேறு இடமும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "என்னைப் பொலிசிலதான் வைக்கோணும்."

"அங்கையும் உங்களுக்குக் கூட்டாளிமார் இருப்பினம்" என்றாள் அவள்.

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். கேற்றைச் சாத்தி இவர்களைப் பிரிக்கப்போகிறவள் நான். ஆனால் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பல தம்பதிகளிடம் நான் காணாத நெருக்கம் அந்தச் சிரிப்பில் இருந்தது. தேநீர் போட்டுத் தரும் அதே கைதான் அவளுடைய கையை முறித்தது என்பதையும் நான் மறக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஞாயிறு மத்தியானம், பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு அவர் திரும்பவும் வந்தார். அவள் கேற்றடிக்குப் போய், கொலரைச் சரிசெய்வதுபோல முகத்தை அவருடைய வாயருகே கொண்டுபோனாள். அவர் அசையாமல் நின்றார்.

"மணக்கேல்லை" என்றாள், என் பக்கம் திரும்பி. பிறகு அவரிடம், "இன்னும் பின்னேரம் கிடக்கு. நாளைக்கு வாங்கோ" என்றாள்.

"நாளைக்கும் குடிக்காட்டி?"

"நாளையிண்டைக்கும் வாங்கோ."

அவர் மோட்டார் சைக்கிளிலிருந்து திறப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினார். கூட்டாளிகள் குடிக்கக் கூடும் வாடி, கரையோர மீன்பிடிக் குடிசை, தூரத்தில் இருந்தது. "இது இஞ்சையே நிக்கட்டும். நான் நடந்து போறன்."

"வாடிக்கும் நடந்து போகலாம்தானே?"

அவள் திறப்பை வாங்கிக்கொண்டாள். வெயிலில் அவர் நடந்து போவதை நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். சந்தியில் வீட்டுப் பக்கமாகத் திரும்பினார். 'பார்த்தாயா' என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் இன்னும் சந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பம், ரீச்சர்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்குச் சோறு போட உள்ளே போனாள்.