ரசமட்டத்தின் குதிகால்

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரர் தரைக்கல் பதிப்பவர். அவர் பதித்த தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். அதனால், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே அவருக்குச் சூட்டி, ‘ரசமட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

போன வருடம் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. கெண்டைக்கால் சதைதான் விறைத்துப்போயிருந்தது. குந்தினால் குதிகால் தரையில் படியாமல் அந்தரத்தில் நின்றது. குந்த முடியாதவருக்குத் தரை வேலை ஏது? மாதக் கடைசியில் ஒரு பெரிய கூடத்துக்குக் கல் பதிக்க வேண்டும், அதற்குள் தேறாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

பதித்த கல் எழும்பி நின்றால் அதன்மேல் பாரம் ஏற்றிவைப்பார்கள், காலையில் படிந்திருக்கும். அதே வைத்தியத்தை இவர் காலுக்கும் செய்தார். சுவரைப் பிடித்துக் குந்தி, முழங்கால்மேல் இருபது கிலோ கல் ஒட்டும் பசை மூட்டையை வைக்கச் சொன்னார். வைத்தவர் மனைவியின் தம்பி, லாரி ஓட்டுபவர்.

“மாமா, கண்ணுல தண்ணி வருதே?”

“அது கிடக்கு. குதிகால் இறங்குச்சா, அதைப் பாரு.”

இறங்கத்தான் செய்தது. மறுநாள் கெண்டைக்கால் வீங்கிக் கட்டையாகி, குளியலறைவரை போகவே மைத்துனரின் தோள் வேண்டியிருந்தது.

பிசியோதெரபி அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “இது கல்லு இல்லைங்க. ரொம்ப அமுக்கினா எதிர்த்து இறுக்கிக்கும். அதுக்காகப் பட்டும் படாம இழுத்தா அதுக்கு உறைக்காது. நல்லா இழுக்கிறது தெரியணும், ஆனா பேச்சு நிக்கக்கூடாது. அதான் அளவு.”

“பேச்சுதானே? அதை நான் பாத்துக்கறேன்” என்றார் மனைவி.

வீட்டுக்கு வந்ததும் ரசமட்டம் மெல்லிய கற்களைத் துண்டுகளாக வெட்டி, ஐந்தை அடுக்கி, அதன்மேல் குதிகாலை ஊன்றிக் குந்தினார். மனைவி எதிரே வெங்காயம் உரித்தபடி பேச்சுக் கொடுத்தார். பதில் நிதானமாக வந்தால் அடுத்த முறை ஒரு கல் குறையும்.

“சமையல்கட்டுக் குழாய் ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“பாக்கறேன்.”

“எப்போ?”

“ஏண்டி உயிரை வாங்கறே!”

“அக்கா, கோவம் வந்துடுச்சு.”

“எடுத்த கல்லைத் திரும்ப வைடா.”

வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவது அவருக்குப் பெரிய காரியமில்லை. வலி தொடங்குமுன் நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. முன்னேறிய பிறகு ஒரு கல்லைத் திரும்ப வைக்கச் சொல்லும்போது, அவர் முகம் கறுக்கும். ஆனாலும் காலைத் தூக்கி இடம் கொடுப்பார். நான் அவரை மெச்சுவது அதற்காகத்தான்.

மாதக் கடைசியில் இன்னும் ஒரு கல் பாக்கி இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு போய், குதிகாலுக்கு அடியில் வைத்துக் குந்தி, முதல் வரிசையைப் பதித்தார்.

“என்ன ரசமட்டம், கல்லுமேல குந்திக்கிட்டே கல்லு பதிக்கறே?”

“அண்ணே, தரை மட்டமா வேணுமா, என் குதிகால் மட்டமா வேணுமா?”

மேஸ்திரி வரிசைமேல் கருவியை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அடுத்த கல் பெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

கூடம் முடிகிற சமயத்தில் கல்லின் தேவையும் போய்விட்டது. குழாயும் அந்த வாரம்தான் சரியானது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் புகுந்து பார்க்க, அங்கேயும் குந்தத்தானே வேண்டும்.