நூல் இழுத்த சாறு

எங்கள் வெல்லக் கொட்டகை செஞ்சிக்கோட்டை மலையைப் பார்த்தபடி இருந்தது. அறுபதுகளில் ஒரு தை மாதம், திடீர் மழையில் அடுப்பெரிக்கும் கரும்புச் சக்கை நனைந்துபோனதால், பிழிந்த சாறு காய்ச்சாமல் கிடந்தது. மறுநாள் அண்டாவில் கைவிட்டால் எச்சில்போல நூல் நூலாக இழுத்தது. அப்படிக் கெட்ட சாறு வெல்லமாக உறையாது.

"யாரு கண்ணு பட்டுச்சோ!" என்று நைனா கற்பூரம் சுற்றினார். எனக்குக் கோபம்தான் வந்தது. நிறைமாத வயிற்றோடு அண்டாவைச் சாய்த்து, "ஒழி சனியனே!" என்று வாய்க்காலில் கொட்டினேன்.

அந்த வாரமே பிரசவம். குழந்தை பிறந்தும் எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. வெளியூரிலிருந்து ரத்தம் வந்து சேரும்வரை, டாக்டரம்மா ஒரு கண்ணாடிப் பாட்டிலைத் தொங்கவிட்டு என் கையில் ஏற்றினார்.

பிழைத்தெழுந்த பிறகு, "இன்னாம்மா அது, பாட்டில்ல?" என்று கேட்டேன்.

"சர்க்கரைத் தண்ணியில ஒரு கிருமிய வளர்ப்பாங்க. அது சர்க்கரையைக் கொழகொழன்னு ஆக்கிடும். அதைப் பக்குவமா சுத்தம் பண்ணி மருந்தாக்குவாங்க. ரத்தம் வர்ற வரைக்கும் அதுதான் உன்னத் தாங்குச்சி."

"நூல் நூலா இழுக்குமே, அதுவா?"

"அதேதான். உனக்கு எப்படித் தெரியும்?"

மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். நான் சனியனே என்று விரட்டியது எதுவோ, அது காத்துக் கொடுத்த நாடி விரலடியில் துடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் சாறு கெட்டதுண்டு. வாய்க்காலில்தான் கொட்டினேன். திட்ட மட்டும் வாய் வரவில்லை.