கிணற்றில் விழாதவள்

மூன்று நாளாக டீனாவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. பி.ஏ. தமிழ் பாடத்தில் வைத்திருந்த நாவல்தான் காரணம். முப்பத்தைந்து வருடமாகத் திரும்பத் திரும்ப அச்சாகும் கதை. காங்கேயம் எண்ணெய் மில்லில் தேங்காய்ப் பருப்பு காயப்போடும் பெண், மேஸ்திரியின் தொல்லை தாங்காமல் கிணற்றில் விழுந்து சாகிறாள். அவளுக்கு இடது கையில் ஆறு விரல்.

டீனாவின் அம்மா சூசைமேரிக்கும் இடது கையில் ஆறு விரல். கல்யாணத்துக்கு முன் அங்கேதான் வேலை பார்த்தவள். கேட்டால், "அந்தப் பேச்சை உடு கண்ணு" என்று எழுந்து போய்விட்டாள்.

நாவலை எழுதிய வெள்ளியங்கிரி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கூட்டத்துக்கு வந்தார். கேள்வி நேரத்தில் முதல் ஆளாக டீனா எழுந்தாள். மைக்கை வாங்கினாள்.

"ஏனுங்கய்யா, அந்தப் பொண்ணை எதுக்குங்க சாகடிச்சீங்க?"

"நானெங்கம்மணி சாகடிச்சேன்? நெசமா நடந்ததுதானுங்க. அந்த மில்லுல நான் எடை போட்டுட்டிருந்தேன். ஒருநாள் அந்தப் புள்ளை வேலைக்கு வரலை. கெணத்துல உழுந்துபோட்டாள்னாங்க."

"அவங்க எங்கம்மாங்க. இன்னைக்குக் காலைல எனக்குத் தோசை சுட்டுக் குடுத்தாங்க."

வெள்ளியங்கிரி தண்ணீர் கேட்டார். கூட்டம் கலைந்ததும் அவளைத் தேடி வந்து போன் நம்பரைக் கொடுத்தார். "ஒருக்கா அவங்களைப் பாக்கோணுமுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் நார் உரித்துக்கொண்டிருந்த அவரைக்காயை அப்படியே வைத்தாள் சூசைமேரி.

"மேஸ்திரி கையைப் புடிச்சு இழுத்தான். செவுரேறிக் குதிச்சு, கெடைச்ச பஸ்ஸுல காந்திபுரம் வந்துட்டேன். எடை போடறவரு பத்தடி தள்ளித்தான் நின்னாரு. 'அண்ணா, அண்ணா'ன்னு கத்துனேன். தராசையே பாத்துட்டிருந்தாரு. நான் குதிச்சதையும் பாத்தாரு."

டீனாவால் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே போன் போட்டாள்.

"எங்கம்மா செவுரேறிப் போனதைப் பாத்தீங்களா, இல்லீங்களா?"

"பாத்தேனுங்க. உசுரோட போனாள்னு எழுதுனா, நான் ஏன் சும்மா நின்னேன்னும் எழுதோணுமே அம்மணி." பிறகு கேட்டார்: "நான் ஊட்டுக்கு வரட்டுங்களா?"

டீனா அம்மாவைப் பார்த்தாள். சூசைமேரி தலையசைத்து மறுத்தாள்.

"வேண்டாமுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள் டீனா. ஆனாலும் கால் நிற்கவில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.